சத்தத்தைக் கூட்டாதீர்கள்... சொல்லைக் கூட்டுங்கள்!

"சித்த வைத்தியர் என்றால் கஷாயம், சூரணம், தைலம் பற்றி எழுதுவார். இவர் என்ன, டி.வி.க்கு ஸ்பீக்கர் மாட்டுவதைப் பற்றி எழுத வந்துவிட்டார்!" என்று நீங்கள் நினைக்கலாம். நினைப்பதில் தப்பே இல்லை. நானும் இதை எழுதுவேன் என்று போன ஆடி மாதம் வரை நினைக்கவில்லை.

எங்கள் சேரம்பாடியில் ஆனி, ஆடி மாதங்கள் எப்படி இருக்கும் என்று கீழே சமவெளியில் இருப்பவர்களுக்குச் சொன்னால் புரியாது. பந்தலூர், தேவாலா, சேரம்பாடி என்று இந்தப் பக்கம் முழுக்க, தென்மேற்குப் பருவமழை பிடித்தால் விடாது. தகரக் கூரை மேல் மழை விழுகிற சத்தத்தில், எதிரில் உட்கார்ந்திருப்பவர் பேசுவதுகூட பாதிதான் காதில் விழும். அப்படி ஒரு சாயங்காலம் நனைந்துகொண்டே மூன்று பேர் வந்தார்கள். மகன், மருமகள், நடுவில் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர்.

"என்னம்மா, யாருக்கு உடம்புக்கு?" என்று கேட்டேன்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லைங்கய்யா. மாமா டி.வி. வால்யூமை அறுபதுல வைக்கிறாரு. புள்ளைங்க படிக்க முடியல, பக்கத்து வீட்டுக்காரங்க சுவத்தைத் தட்டுறாங்க. அதான் இவரு கூடலூர் போயி தவணையில சவுண்டு பார் வாங்கிட்டு வந்தாரு. கூடவே ஒரு பெரிய பெட்டி. 'டம் டம்'னு வீடே அதிருது. ஆனா மாமா இப்பவும் 'ஒண்ணும் புரியல'ங்கறாரு!"

மகன் குறுக்கிட்டார். "பன்னெண்டாயிரம் ரூபா சார்! இவருக்காகத்தான் வாங்கினேன். இப்ப கோவிச்சுக்கிட்டு டி.வி.யே பார்க்க மாட்டேங்கறாரு. ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளித்திண்ணையில போயி உட்கார்ந்துக்கறாரு. யானை வர்ற இடம் சார்..."

பெரியவர் எதுவும் பேசவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நாங்கள் பேசியது கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

வாசகர்களே, இந்தச் சண்டை சேரம்பாடியில் மட்டுமா நடக்கிறது? மதுரையில் மாடி வீட்டிலும், சென்னையில் அடுக்குமாடியிலும் இதே சண்டைதான். "அப்பா, சத்தத்தைக் குறைங்க!" "அட, ஒண்ணும் புரியலடா!" இந்த இரண்டு வாக்கியமும் கேட்காத வீடு உண்டா சொல்லுங்கள்?

அதனால்தான் எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சவுண்டு பார் நல்ல சாமான்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் அதை வாங்குவதற்கு முன்னால் காதைப் பாருங்கள். வாங்கிய பிறகு சத்தத்துக்காக வைக்காதீர்கள், சொல்லுக்காக வையுங்கள்.

தப்பு டி.வி. மேலும் இருக்கிறது!

பெரியவர்கள் "புரியல" என்றால் உடனே "உங்களுக்குக் காது மந்தம்" என்று முடித்துவிடுகிறோம். பாதித் தப்பு டி.வி. மேல்!

1980-களில், 90-களில் நம் வீட்டில் இருந்த சாலிடேர், டயனோரா பெட்டிகளை நினைத்துப் பாருங்கள். இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் இடம் இருந்தது. பல பெட்டிகளில் ஸ்பீக்கர் முன்பக்கமே இருக்கும். பேசுவது நேராக நம் முகத்துக்கு வரும். இன்றைக்கு டி.வி. காலண்டர் மாதிரி சுவரில் தொங்குகிறது. இரண்டு விரல் கனம்கூட இல்லை. ஸ்பீக்கரை எங்கே வைப்பான்? அடியிலோ முதுகிலோ இத்தனூண்டு ஸ்பீக்கர் இரண்டை வைக்கிறான். சத்தம் தரையிலும் சுவரிலும் மோதித் திரும்பி, கலங்கிப்போய் நம்மிடம் வருகிறது. படம் கண்ணாடி மாதிரி இருக்கும், பேச்சு மட்டும் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும்.

சவுண்டு பார் இந்தக் குறையைத்தான் சரி செய்கிறது. ஸ்பீக்கர்களை ஒரு நீளக் கட்டைக்குள் வரிசையாக வைத்து, நம் முகத்தைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறார்கள். சரியாக வைத்தால் அதே வால்யூமில் பேச்சு தெளிவாக வரும்.

அப்படியென்றால் பெரியவருக்கு ஏன் புரியவில்லை? அதற்குக் காதைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேட்கிறது, ஆனால் புரியவில்லை!

எங்கள் சித்த மருத்துவத்தில் ஐம்பூதங்களில் ஆகாயத்தின் பங்கு என்று செவியைச் சொல்வோம். இன்றைய அறிவியல் அந்தச் செவிக்குள் போய் எண்ணியே பார்த்துவிட்டது. உள்காதில் நத்தைக்கூடு மாதிரி ஓர் உறுப்பு. அதற்குள் பிறக்கும்போது ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000 மயிரிழைச் செல்கள். அவ்வளவுதான் முதலீடு! போனால் போனதுதான். தோல் வளர்கிற மாதிரி, நகம் வளர்கிற மாதிரி அவை திரும்ப வளர்வதில்லை.

வயதாலும் சத்தத்தாலும் முதலில் தேய்வது கீச்சென்ற ஒலிகளைப் பிடிக்கிற செல்கள். இங்கேதான் சூட்சுமம். நாம் பேசும்போது 'அ, ஆ, ஓ' போன்ற உயிரெழுத்துகளுக்குப் பலம் அதிகம், அவை தாழ்ந்த ஒலி. 'ச, த, ப, க' போன்ற மெய்யொலிகளுக்குப் பலம் குறைவு, அவற்றின் அடையாளம் உயர்ந்த ஒலியில் இருக்கிறது. பெரியவருக்கு உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை! 'பாட்டு' என்றதா, 'காட்டு' என்றதா, 'சாட்டு' என்றதா? 'ஆட்டு' மட்டும்தான் காதில் விழுகிறது. அதனால்தான் "சத்தம் கேக்குது, என்ன சொல்றான்னுதான் புரியல" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, அடம் பிடிக்கவும் இல்லை. தன் வியாதியை டாக்டரைவிடத் துல்லியமாகச் சொல்கிறார்!

இப்போது அந்தப் பெரிய பெட்டிக்கு வருவோம். சப்-ஊஃபர் என்று பெயர். அது தருவது முழுக்க 'டம் டம்' என்ற தாழ்ந்த ஒலி. தாழ்ந்த ஒலிக்கு ஒரு குணம் உண்டு. பலமாக வந்தால் உயர்ந்த ஒலியை அமுக்கிவிடும். ஏற்கெனவே மெய்யெழுத்து பாதிதான் கேட்கிறவருக்கு, அதன் மேல் 'டம் டம்' விழுந்தால் மிச்சப் பாதியும் போச்சு! மகன் அப்பாவுக்காகப் பன்னிரண்டாயிரம் கொடுத்து வாங்கினார். அது அப்பாவுக்கு மட்டும்தான் பயன்படவில்லை. பணம் போனதுகூடப் பெரிதில்லை. "உனக்காக வாங்கினேனே" என்று மகனுக்குக் கோபம், "இதுகூட எனக்குப் புரியலையே" என்று அப்பாவுக்கு அவமானம். அந்த அவமானத்தில்தான் அவர் திண்ணைக்குப் போனார்.

பெரியவருடைய கதை

அவரை உள்ளே அழைத்து, முகத்துக்கு நேரே உட்கார்ந்து, நிதானமாகப் பேசினேன். இலங்கையிலிருந்து வந்தவர். 1964-ல் போட்ட சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதன்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம்தான், 1976-ல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக ஆனது. நாங்கள் 'டான்டீ' என்போம். சேரம்பாடி, சேரங்கோடு, கொளப்பள்ளி என்று இந்தப் பக்கத்தில் அந்தக் குடும்பங்கள் நிறைய. அப்படி வந்த ஒரு குடும்பத்துப் பிள்ளை இவர்.

"என்ன வேலை பார்த்தீங்க ஐயா?"

"ஃபேக்டரியில தம்பி. முப்பது வருஷம். ரோலர் பக்கத்துல, அப்புறம் டிரையர்ல."

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. தேயிலை ஃபேக்டரிக்குள் போயிருக்கிறீர்களா? ரோலர், டிரையர், காற்றாடி எல்லாம் ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் காதில் கத்த வேண்டும். நம் நாட்டில் தொழிற்சாலை விதிப்படி எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது உச்சவரம்பு. அதற்கு மேல் போனால் காதுக்குக் காப்பு வேண்டும். அந்தக் காலத்தில் காதுக்குக் காப்பு யார் போட்டார்கள்? பஞ்சு வைத்துக்கொண்டால் பெரிய விஷயம்!

"சின்ன வயசுல இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவன் தம்பி நான். எந்த அறிவிப்பாளர்னு குரலை வச்சே சொல்லிடுவேன். இப்ப டி.வி.யில யார் பேசினாலும் ஒரே மாதிரி இருக்கு" என்றார். சொல்லும்போது சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம், எனக்கும் ஒரு கதை இருக்கிறது.

என் வீட்டில் நான் செய்த தப்பு

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு எண்வகைத் தேர்வு சொல்லிக் கொடுத்தார்கள். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். இதில் 'மொழி' என்பது நோயாளியின் குரலை, பேச்சைக் கவனிப்பது. முப்பது வருஷமாக ஊரார் மொழியெல்லாம் கவனித்துக் கேட்டேன். என் அம்மாவின் மொழியைக் கவனிக்கவில்லை.

அம்மா செய்திகள் பார்க்கும்போது டி.வி.யை அலற விடுவார். நான் கிளினிக்கிலிருந்து களைத்து வருவேன். "ஏம்மா, ஊருக்கே கேக்கணுமா?" என்று ரிமோட்டைப் பிடுங்கிக் குறைப்பேன். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. ஒரு வருஷம்! அப்புறம் அம்மா டி.வி. பார்ப்பதையே விட்டுவிட்டார். "எனக்கு இதெல்லாம் பிடிக்கலப்பா" என்றார். அப்பாடா, வீடு அமைதியாகிவிட்டது என்று நானும் சந்தோஷப்பட்டேன். பார்த்தீர்களா என் புத்தியை!

அம்மா உரக்கப் பேச ஆரம்பித்திருந்தார். உள்காது நரம்பு தேய்ந்தவர்கள் தம் குரல் தமக்கே கேட்காமல் சத்தமாகப் பேசுவார்கள். பிறகு பேச்சே குறைந்தது. எதைக் கேட்டாலும் "ம்" என்பார், புரியாவிட்டாலும். விருந்தாளிகள் வந்தால் அடுப்படிக்குப் போய்விடுவார். "வயசாச்சு, ஒதுங்கி இருக்காங்க" என்று நினைத்தோம். ஊட்டியில் காது பரிசோதனை செய்தபோது இரண்டு காதிலும் கேட்கும் திறன் வெகுவாகப் போயிருந்தது. காது மெஷின் வாங்கிக் கொடுத்தேன். ஆனால் இத்தனை வருஷம் அமைதியில் இருந்த மூளைக்கு, திடீரென்று பாத்திரம் விழுகிற சத்தமும் தண்ணீர்க் குழாய்ச் சத்தமும் தாங்கவில்லை. பழகவே முடியாமல் பெட்டியில் வைத்துவிட்டார். ஐந்து வருஷம் முன்னால் கொடுத்திருந்தால் பழகியிருப்பார். இன்று அம்மா இல்லை. அந்த மெஷின் மட்டும் அலமாரியில் இருக்கிறது.

டி.வி. வால்யூம் ஏறுவது ஓர் அறிகுறி. காய்ச்சல் மாதிரி. தெர்மாமீட்டரைத் திட்டுவோமா? நான் திட்டினேன்.

2020-லும் 2024-லும் 'லான்செட்' குழு வெளியிட்ட அறிக்கைகள், மறதி நோய்க்கு நாம் தடுக்கக்கூடிய காரணங்களில் கேட்கும் திறன் குறைவையும் ஒன்றாகச் சொல்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 150 கோடிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் கேட்கும் குறை இருக்கிறது என்கிறது. ஆக, உங்கள் வீட்டுப் பெரியவர் தனி ஆள் இல்லை.

முதல் வேலை: காது

சவுண்டு பார் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

ஒன்று, காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள். பட்ஸ், ஊக்கு, கொண்டை ஊசி, தீக்குச்சி எதுவும் வேண்டாம். அவை அழுக்கை இன்னும் உள்ளேதான் தள்ளும்.

இரண்டு, காய்ச்சிய எண்ணெய், பூண்டுச் சாறு என்று நீங்களாக ஊற்றாதீர்கள். சித்த வைத்தியனே இப்படிச் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். காதில் சீழ் இருந்தாலோ, சவ்வில் ஓட்டை இருந்தாலோ, எண்ணெய் உள்ளே போய்த் தொல்லை கொடுக்கும். பார்க்காமல் ஊற்றக்கூடாது. இன்னொன்றும் ஒளிக்காமல் சொல்கிறேன். தேய்ந்துபோன உள்காது நரம்பை எந்தத் தைலமும் திரும்பக் கொண்டு வராது. கொண்டு வரும் என்று யாராவது சொன்னால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் கேட்கும் திறன் பரிசோதனை செய்யுங்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். நம் நாட்டில் காது கேளாமைத் தடுப்புக்கென்று தேசியத் திட்டமே 2006-லிருந்து இருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் அதையும் கட்டுக்குள் வையுங்கள்.

நான்கு, நேற்றுவரை கேட்ட காது இன்று திடீரென்று கேட்கவில்லை என்றால், அது அவசரம்! நாளை, அடுத்த வாரம் என்று தள்ளாமல் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். முதல் இரண்டு மூன்று நாட்களில் சிகிச்சை ஆரம்பித்தால் மீட்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது வேலை: காசில்லாமல் செய்வது

காது மெஷினே வாங்கினாலும் டி.வி. பக்கமும் சரி செய்ய வேண்டும். அதற்கு முதலில் காசு தேவையில்லை.

பெரியவரின் நாற்காலியை டி.வி.க்கு ஆறேழு அடி தூரத்துக்குக் கொண்டு வாருங்கள். கிட்டே வந்தாலே பேச்சு பலமாகவும் தெளிவாகவும் கேட்கும். டி.வி.யின் சவுண்டு அமைப்பில் 'சினிமா', 'ஸ்போர்ட்ஸ்' என்று இருந்தால் 'நியூஸ்' அல்லது 'வாய்ஸ்' என்று மாற்றுங்கள். 'பேஸ்' குறையுங்கள், 'டிரெபிள்' கொஞ்சம் கூட்டுங்கள்.

அறையையும் பாருங்கள். சிமென்ட் தரை, வெறும் சுவர், தகரக் கூரை என்றால் சத்தம் எதிரொலித்துக் குழம்பும். ஜன்னலுக்குக் கனமான திரை, தரையில் ஜமுக்காளம் அல்லது பாய் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். மின்விசிறி, மிக்ஸி, பாத்திரம் கழுவுவது எல்லாம் பேச்சோடு போட்டி போடும். செய்தி நேரத்தில் அரை மணி தள்ளிப் போட்டால் குடி முழுகிவிடாது!

மூன்றாவது வேலை: சவுண்டு பார்

இதெல்லாம் செய்தும் போதவில்லையா? தாராளமாக வாங்குங்கள்.

கடையில் 'இத்தனை ஆயிரம் வாட்' என்பதில் மயங்காதீர்கள். சிறிய அறைக்கு அவ்வளவு தேவையே இல்லை. வாட்டைச் சொல்லும்போது 'பி.எம்.பி.ஓ.' என்று போட்டிருந்தால் அது வெறும் வாய்ப்பந்தல். 'ஆர்.எம்.எஸ்.' என்பதுதான் உண்மைக் கணக்கு. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. "பேச்சுக்குன்னு நடுவுல தனி ஸ்பீக்கர் இருக்கா? பேச்சைத் தெளிவாக்குற பட்டன் இருக்கா? ராத்திரி மோடு இருக்கா?" 3.1 என்று எழுதியிருந்தால் இடம், வலம், நடு என்று மூன்று பாகமும், அதோடு ஒரு சப்-ஊஃபரும் உண்டு. 2.1 என்றால் நடுவில் தனியாகக் கிடையாது. படங்கள், சீரியல்களில் பேச்சைப் பெரும்பாலும் நடுப்பாகத்துக்குத்தான் அனுப்புகிறார்கள். பெரியவர் இருக்கும் வீட்டுக்கு 'டம் டம்' பெட்டியைவிட நடு ஸ்பீக்கர்தான் முக்கியம்.

வைக்கும் இடம்: டி.வி.க்கு நேர் கீழே, மேஜையின் முன்விளிம்பு வரை இழுத்து வையுங்கள். அலமாரிக்குள் தள்ளி வைக்கக்கூடாது. முன்னால் சாமி படம், பூ ஜாடி, பொம்மை, மேலே எம்பிராய்டரி துணி... எல்லாம் எடுங்கள் அம்மா! உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது.

ஒயர்: டி.வி. பின்னால் எச்.டி.எம்.ஐ. துளைகள் இரண்டு மூன்று இருக்கும். அதில் ஒன்றின் மேல் மட்டும் 'ஏ.ஆர்.சி.' என்று எழுதியிருக்கும். ஒயரை அதில்தான் மாட்ட வேண்டும். வேறு துளையில் மாட்டிவிட்டு "சத்தமே வரலை" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. சவுண்டு பாரிலும் அதே எழுத்துள்ள துளையில் மாட்டி, டி.வி.யின் அமைப்பில் சத்தம் வெளி ஸ்பீக்கருக்குப் போகும்படி மாற்றுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் ஒலி வடிவத்தை 'பி.சி.எம்.' என்று வைத்துப் பாருங்கள். டி.வி.யின் சொந்த ஸ்பீக்கரை நிறுத்திவிடுங்கள். இரண்டும் சேர்ந்து ஒலித்தால் எதிரொலி மாதிரி குழப்பும். 'சி.இ.சி.' என்ற வசதியையும் போட்டுவிட்டால் டி.வி. ரிமோட்டிலேயே வால்யூம் வேலை செய்யும். பெரியவர் கையில் ஒரே ரிமோட் போதும்.

டி.வி. கொஞ்சம் பழசு, அந்தத் துளை இல்லை என்றால் 'ஆப்டிகல்' ஒயர் இருக்கிறது. நுனியில் உள்ள பிளாஸ்டிக் மூடியை எடுத்துவிட்டு மாட்டுங்கள், மடிக்காதீர்கள்.

புளூடூத்தில் ஒயரே வேண்டாமே என்பீர்கள். பாட்டுக் கேட்கச் சரி. டி.வி.க்கு அதில் சில சமயம் சத்தம் ஒரு நொடிப்பொழுது தாமதமாக வரும், உதடும் பேச்சும் பொருந்தாது. நமக்கு அது எரிச்சல், அவ்வளவுதான். காது மந்தமானவர்கள் தங்களுக்கே தெரியாமல் உதட்டைப் பார்த்துப் பாதிப் பேச்சைப் புரிந்துகொள்கிறார்கள். உதடு தப்பினால் அவர்களுக்கு அந்தப் பாதியும் போகும். ஒயரே போடுங்கள்.

சப்-ஊஃபர் கூடவே வந்துவிட்டதா? மூலையில் வைக்காதீர்கள். மூலையில் 'டம் டம்' இன்னும் பெருகும். பேஸைக் கீழே இறக்குங்கள். லைன் வீடு, அடுக்குமாடி என்றால் பேச்சைவிட அந்த 'டம் டம்'தான் பொதுச்சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போகும். ராத்திரி மோடு என்பது பேச்சையும் வெடிச் சத்தத்தையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டு வரும். பெரியவர்களுக்கு அதைப் பகலிலும் போட்டு வைக்கலாம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மின்னல் வெட்டினால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மழை தகரத்தில் கொட்டும்போது டி.வி.யை அதற்கு மேல் கத்த வைக்காதீர்கள். அடியில் எழுத்து ஓடும் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அணைத்துவிட்டு ஒரு சுக்குக் காப்பி குடியுங்கள். மழை நின்ற பிறகு பார்க்கலாம்.

எவ்வளவு சத்தம் போதும்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கைச் சொல்கிறேன். பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம். குழந்தைகளுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 83 என்றால் 20 மணி. 86 என்றால் 10 மணி. சாதாரணப் பேச்சு 60 டெசிபல் அளவு. செல்போனில் சத்தம் அளக்கும் 'ஆப்' உண்டு, தோராயமாகக் காட்டும். அதுகூட வேண்டாம். டி.வி. ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தாமல் பேச முடிகிறதா? முடிந்தால் சரி.

குழந்தைகளை மறக்காதீர்கள். தாத்தாவுக்காக வைத்த சத்தம் பேரனின் காதையும் தின்னும். பேரன் காதில் செருகிக்கொள்கிற ஹெட்போன் அதைவிட மோசம்.

நம் நாட்டு ஒலி மாசு விதிகள் 2000-ல் வந்தன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய சட்டம் ஒன்று உண்டு. யானை! 2020 டிசம்பரில் கொளப்பள்ளிப் பக்கம் தந்தையும் மகனும் யானை தாக்கி இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் 'சங்கர்' என்று பெயர் வைத்த அந்த யானையை சேரம்பாடிப் பகுதியில் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். யானை வந்தால் எங்களுக்கு முதல் தகவல் நாய் குரைப்பது, வாழை முறிவது, பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிடுவது. வீட்டுக்குள் சப்-ஊஃபர் அதிர்ந்துகொண்டிருந்தால் இது எதுவும் காதில் விழாது. காது மந்தமானவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் விழாது. அந்த மகன் பயந்தாரே, அது நியாயமான பயம்.

அப்புறம் என்ன ஆச்சு?

பெரியவரின் வலது காதில் குறும்பி கெட்டியாக அடைத்திருந்தது. காது டாக்டர் ஊறவைத்து எடுத்தார். இடது காதில் நரம்புத் தேய்வு. இரண்டு காதிலும் உயர்ந்த ஒலி குறைவுதான். மெஷின் போட்டிருக்கிறார்கள். சப்-ஊஃபரின் ஒயரையே மகன் கழற்றிவிட்டார். சவுண்டு பாரை அலமாரியிலிருந்து வெளியே எடுத்து, பேச்சு மோடில் வைத்தார். நாற்காலி முன்னால் வந்தது. அறுபதில் இருந்த வால்யூம் முப்பதுக்குக் கீழே இறங்கிவிட்டது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று கதை விடமாட்டேன். காமெடி சீனில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினால் அவருக்கு இன்னும் புரிவதில்லை. மழை பெய்தால் புரிவதில்லை. மெஷினை அடிக்கடி கழற்றி வைக்கிறார், மருமகள் ஞாபகப்படுத்துகிறார். ஆனால் ராத்திரி திண்ணைக்குப் போவதில்லை. பேத்தி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, புரியாததை முகத்தைப் பார்த்துச் சொல்கிறாளாம்.

போன வாரம் மருந்து வாங்க வந்தவர், "தம்பி, செய்தி வாசிக்கிற பொண்ணு ரெண்டு பேரு இருக்காங்க. இப்ப குரலை வச்சே யாருன்னு சொல்லிடுறேன்" என்றார்.

உங்கள் வீட்டில் இன்று ராத்திரி டி.வி. சத்தம் ஏறினால், ரிமோட்டைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "என்னப்பா, பேச்சு புரியலையா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்காமல் விட்ட வார்த்தை அது.